பனமலையில் ஒரு பூவாடை அழைப்பு

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது, சொந்தக்காரர்களைப் பார்க்க என்றேன். எந்த ஊர் என்றார். அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னால் வரிசையை விட்டு விலகி நிற்கச் சொல்வாரோ என்று பயம். திண்டிவனம் என்று சொல்லிவைத்தேன். அவர் முகத்தில் மாற்றமே இல்லை. முத்திரை விழுந்தது.

நான் மலேசியாவில், கிள்ளானில், ஒரு பள்ளிக்கூடத்தில் கேண்டீன் நடத்துகிறவள். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. முட்டிவலி உண்டு, முன்கோபம் அதைவிட அதிகம் உண்டு. போன வருடம் அப்பாவுக்கு நடை நின்றுபோனது. அன்றிலிருந்து அவர் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் போய்ச் சேர்ற இடத்துல, நீ எந்த ஊரு, யாரு வீட்டு ஆளுனு கேட்டா என்னாமா சொல்றது?" கிள்ளான் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாகப்போகிறவரிடம் வாயடித்து என்ன பயன்? நானே கிளம்பினேன்.

அப்பாவை வளர்த்தது அவருடைய பாட்டி பச்சையம்மா. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் ஆயா. நான் பிறப்பதற்குள் போய்விட்டார். சின்னப் பெண்ணாக, தனியாகக் கப்பலேறி வந்தவராம். ரப்பர்த் தோட்டத்தில் அவர் கல்யாணம் செய்துகொண்டவர் சீக்கிரமே இறந்துவிட்டார். அந்தக் கணவருடைய ஊர், உறவு எதுவும் யாருக்கும் தெரியாது. எனவே தேடுவதற்கு மிச்சமிருந்தது ஆயாவின் வழி ஒன்றுதான். அவரும் லேசில் வாயைத் திறப்பவர் இல்லை. ரொம்ப நச்சரித்தால், "தெண்டிவனத்துக்கு அந்தாண்ட. மலை மேல கோயிலு, கீழ ஏரி. போதுமா?" என்பாராம். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்தது புல் அறுக்கிற சின்ன அரிவாள் ஒன்று. பல்லெல்லாம் தேய்ந்து, இன்றும் எங்கள் சாமி மேடையில் இருக்கிறது.

திண்டிவனத்தில் முதல் நாள் காலை இட்லிக்கு மல்லாட்டைச் சட்னி வைத்தார்கள். வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். கேண்டீன்காரி என்பதால் எனக்கு நாக்கில் ஒரு தராசு உண்டு. அந்தச் சட்னிக்கு முன்னால் என் தராசு கவிழ்ந்துவிட்டது. மூன்றாவது முறை கேட்டபோது பரிமாறியவர் வாளியையே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மலையும் கோயிலும் என்றதும் விடுதிக்காரர் பெருமுக்கல்லுக்குப் போகச் சொன்னார். போனேன். முட்டி முனகமுனக மலை ஏறினேன். உச்சியில் கோயில் இருந்தது. காற்று புடவையைப் பிடுங்கியது. நாலாப்பக்கமும் பார்த்தால் வெயிலில் மின்னுவதெல்லாம் ஏரி. அடிவாரத் தேநீர்க் கடையில் என் துப்பைச் சொன்னேன். கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஏரியாம்மா? இந்தப் பக்கம் ஏரி இல்லாத ஊரு எது கீது? மலையும் அப்பிடித்தான். இத வெச்சிக்கினு எப்பிடித் தேடுவீங்க, பேஜாராச்சே" என்றார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "பனமலை போய்ப் பாக்கச் சொல்லு. அங்க மலைக்குக் கீழயே ஏரி" என்றார்.

மறுநாள் அமாவாசை என்பதை நான் யோசிக்கவில்லை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் பேருந்து நிலையத்தில் நின்றது. எங்கள் ஊர் தைப்பூசக் கூட்டத்தில் பழகிய உடம்பு என்ற திமிரில் நானும் இடித்து ஏறினேன். ஏறிய பிறகுதான் பேருந்தும் மேல்மலையனூர் போகிறது என்று தெரிந்தது. இறங்க வழியில்லை. மடியில் எலுமிச்சம்பழப் பையோடு இருந்த ஒரு பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்து, என் கதையைக் கேட்டு, ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"கொலசாமி தெரியாதவங்களுக்கெல்லாம் அங்காளம்மாதாங்க கொலசாமி. வந்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போங்க. ஜல்தியா வேலை முடிஞ்சிடும்."

ஆசையாகத்தான் இருந்தது. அப்பாவிடம் அங்காளம்மா என்று சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் முட்டி மிச்சம். கோயிலில் நெருக்கியடித்துக்கொண்டு கும்பிட்டேன். ஆனால் அம்மனிடம், நீங்கள்தான் என்று நானாக முடிவுசெய்ய முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு விழுப்புரத்தில் தங்கினேன்.

மூன்றாம் நாள் பனமலை. ஏரிக்கரையோடு போகிற சாலையில் இறங்கியதும், மலையைப் பார்த்தேன். மேலே கோயில். கீழே ஏரி. நெஞ்சு திக்கென்றது. பெருமுக்கல்லிலும் இப்படித்தான் திக்கென்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பல்லவர் காலத்துக் கோயில். சுவரில் பாதி அழிந்த ஓவியத்தில் ஒரு பெண் காலை மடித்துக்கொண்டு நிற்கிறாள். மீதி எல்லாம் சுண்ணாம்பாக உதிர்ந்தும் அவள் நிற்பு மட்டும் போகவில்லை. ராஜா தன் வம்சத்தைப் புராண காலம் வரைக்கும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார் என்று காவலாளி காட்டினார். எழுத்து புரியவில்லை, விரலால் தடவிப் பார்த்தேன். ராஜாவுக்குக் கல் கிடைத்தது. என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பெயர். அங்கே நின்றபோது பொறாமையும் வந்தது, அந்தக் கல்லின் வயதை நினைத்துப் பிரமிப்பும் வந்தது.

கீழே இறங்கி, கடை கடையாக, தெரு தெருவாகக் கேட்டேன். உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் மலாயாவுக்குப் போனவர் யாராவது உண்டா? பர்மாவுக்குப் போனவர் உண்டு, பாண்டிச்சேரிக்குப் போனவர் உண்டு. மலாயாவுக்கு, அதுவும் ஒரு பெண் தனியாக? இல்லை என்று தலையை ஆட்டினார்கள். "பச்சையம்மான்னு கேட்டா தெருவுக்கு நாலு பேரு வருவாங்களே" என்று ஒருவர் சிரித்தார். மதியம் விழுப்புரம் திரும்பப் பேருந்துக்கு நின்றேன். வந்த பேருந்தும் என் கண்ணெதிரே டயர் வெடித்து உட்கார்ந்துவிட்டது.

"குட்டியானை வருது, அதுல ஏறிக்கினு மெயின் ரோட்டுக்குப் போய்டுங்க" என்றார் நடத்துநர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்தது சின்னச் சரக்கு வண்டி. பின்னால் அண்டா, குண்டான், வாழைக்குலை. ஓட்டி வந்தவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். பெயர் ஏழுமலை. அவருடைய மகள் திவ்யாவுக்கு மறுநாள் கல்யாணமாம்.

"சாப்ட்டீங்களாக்கா?" என்றார். இல்லை என்று தெரிந்ததும் வண்டியை நேராகத் தன் வீட்டுக்கு விட்டுவிட்டார். "கல்யாண வூட்டாண்ட வந்துட்டு பசியோட போவக் கூடாதுக்கா." எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அட்டை இல்லாமல் போனால் நாற்காலி கிடைக்காது. இங்கே முன்பின் தெரியாத என் இலையில் சாம்பாருக்கு மேல் சாம்பார் விழுந்தது. ஏழுமலையின் மனைவி செல்வி எனக்கெதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதை மேற்பார்வை பார்த்தார். சாயங்காலம் ஏரிக்கரையில் பூவாடைக்காரியைக் கூப்பிடப் போகிறோம், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

அது யார் என்று கேட்டேன். வீட்டில் இறந்துபோன ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்களாம். கல்யாணம் காட்சி என்றால் முதல் நாள் பம்பை அடித்து அவளை நீர்நிலையிலிருந்து அழைப்பார்கள். அவள் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி மேல் இறங்கி வந்து சரி என்று உத்தரவு கொடுத்தால்தான் தாலி ஏறும். "எங்க வூட்டுது கன்னிப் பொண்ணு. ஏரில போய்ட்டது. அதனால எங்க பொண்ணுங்கள அந்தப் பக்கமே தனியா வுட மாட்டாங்க" என்றார் செல்வி. திவ்யா உள்ளேயிருந்து, "காலேஜுக்கு விழுப்புரம் போவலாம், வூட்டுக்குப் பின்னால இருக்கிற ஏரிக்குப் போவக் கூடாது" என்று குறைபட்டுக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் கரைக்குப் போனோம். மஞ்சள் பூசிய செம்பு, பூ, புதுப் புடவை, படையல். ஏழுமலையின் அத்தை முனியம்மா தலைக்குக் குளித்து ஈரத்தோடு முன்னால் நின்றார். போன தலைமுறையில் தெய்வம் இறங்கியது அவர் மேல்தானாம். பம்பைக்காரர் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு தட்டினார். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, வயிற்றில் விழுந்தது. பிறகு பாட ஆரம்பித்தார். அந்த வீட்டுப் பெண்ணின் கதையையே பாட்டாக அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் பாடி வந்தார்களாம்.

பரிசம் போட்ட மறுநாள் புல்லறுக்க ஏரிக்கு வந்தாளாம் பெண். பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லையாம். ஊரே பந்தம் பிடித்துத் தேடியதாம். புல்லுக்கட்டு கரையில் கிடந்ததாம், சும்மாட்டுத் துணி அதன்மேல் இருந்ததாம். ஏரியைக் கலக்கிப் பார்த்தும் உடம்பு கிடைக்கவில்லையாம், கையிலிருந்த அரிவாளும் கிடைக்கவில்லையாம். ஏரிக்குள்ளே குடியிருக்கும் கன்னித் தாயே, பச்சையம்மா, எழுந்து வா.

பக்கத்திலிருந்த செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். தெருவுக்கு நாலு பச்சையம்மா இருக்கலாம். புல்லரிவாளோடு காணாமல் போன பச்சையம்மா எத்தனை பேர் இருக்க முடியும்? அந்த அரிவாளுக்குப் போன ஆயுத பூஜையன்று நான்தான் பொட்டு வைத்தேன்.

பாட்டு முடிந்தது. மறுபடி பாடினார். முனியம்மா கண்ணை மூடி நின்றார், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் முறையும் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வேறு வந்திருந்தார்கள். ஏழுமலை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பம்பைக்காரர் கையை நிறுத்தி, "வூட்டுல ஏதாச்சும் கொறை கீதா? மனசுல வெச்சிக்காம சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லலாமா கூடாதா? மறுநாள் கல்யாணம். அவர்கள் நாலு தலைமுறையாகக் கும்பிட்ட தெய்வம். எங்கிருந்தோ வந்து அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு, உங்கள் சாமி சாகவே இல்லை என்று சொல்வதா? வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய், அப்பாவிடம் மட்டும் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தக் கரையில் ஒரு வீடே ஆயாவுக்காகக் கை கூப்பி நிற்கிறது. அவர்கள் கூப்பிடுவது என் ஆயாவை. நான் எப்படிச் சும்மா நிற்பது?

"அவங்க இங்க சாகலை" என்றேன். "அந்த அரிவாள் எங்க வீட்டுல இருக்கு. அவங்க கப்பலேறி மலாயாவுக்கு வந்துட்டாங்க. எங்க அப்பாவோட ஆயா அவங்கதான்."

ஏழுமலையின் முகம் கறுத்தது. "இன்னா பேசறீங்க? நல்ல காரியம் நடக்கிற எடம் இது. சாப்ட வெச்சதுக்கு இதுதானா?" என்று ஓர் அடி முன்னால் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனியம்மாதான் கண்ணைத் திறந்து கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"இர்றா. அந்தப் பொண்ணுக்குத் தம்பி ஒருத்தர் இருந்தாரு. எங்க தாத்தா. பாட்டுல அவரு பேரு வராது. அது இன்னான்னு சொல்லச் சொல்லு."

எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். ஆயாவுக்குத் தம்பி உண்டா, பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"தனகோட்டி" என்றார் அப்பா. "தம்பி நெனப்பாத்தான் எங்கப்பாவுக்கும் அந்தப் பேர வெச்சாங்க. ஏன்மா கேக்குற?"

ஏழுமலை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஏரியைப் பார்த்தேன். ஒரு பெண் புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தக் கரை வழியாகத்தான் நடந்திருக்கிறாள். தன் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் ஓடியவளிடம்தான் இந்த வீடு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சம்மதம் கேட்டிருக்கிறது. அவள் அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது இங்கே அவளுக்குப் புடவை சாத்தியிருக்கிறார்கள். அப்பாவைத் தூளியில் போட்டு ஆட்டிய கைக்கு இங்கே கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"நல்லா இருந்துச்சா அது?" என்று கேட்டார் முனியம்மா. குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"நல்லா இருந்தாங்க. நிறையப் பேரப்பிள்ளைங்க. கோபக்காரங்க. அநியாயமா வையுற கங்காணியை எதிர்த்துக் கேட்டவங்களாம்."

"எங்க வூட்டுப் பொம்பளைங்க அப்பிடித்தான்" என்று முனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கணக்குப் போட ஆரம்பித்தார். என் தாத்தாவும் முனியம்மாவின் அப்பாவும் மாமன் மச்சான். அப்படியானால் என் அப்பா அவருக்கு மாமன். நான் ஏழுமலைக்கு முறைப்பெண். செல்வி சட்டென்று, "இது வேறயா? கல்யாணத்துக்கு மொத நாளு இவருக்கு மலேசியாலருந்து மொறப்பொண்ணு வந்துகீது" என்றார். கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். ஏழுமலை எழுந்து, துண்டை உதறி, "கோவத்துல பேசிட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க அண்ணி" என்றார். மதியம் வரை அக்காவாக இருந்தேன்.

முனியம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். "இன்னா மாமா, நல்லாக்கிறியா? நான் தனகோட்டி பேத்தி பேசறேன், பனமலைலருந்து" என்றார். அப்பா அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை.

பம்பைக்காரருக்கு மட்டும் கவலை தீரவில்லை. பொழுது போய்க்கொண்டிருந்தது. "எல்லாம் சரிங்க. செத்த எடத்துலருந்துதான் கூப்புடணும். இத்தினி வருசமா ஏரிலருந்து கூப்ட்டுக்கினு இருந்தோம், அது ஏரிலயே இல்ல. இப்ப எங்கருந்து கூப்புடறது?" என்று என்னைப் பார்த்தார்.

ஆயாவைப் புதைத்தது ஆறாங்கட்டைத் தோட்டத்தில். அங்கே மைலுக்குக் கட்டை என்று பெயர் என்று விளக்கினேன். பம்பைக்காரர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏரிக்கு முதுகைக் காட்டி, கிழக்கே திரும்பி நின்றார். கூட்டம் மொத்தமும் அவரோடு திரும்பியது. கடல் தாண்டிப் போனவளே, ஆறாங்கட்டைத் தோட்டத்தில் குடியிருப்பவளே என்று அவர் பாட்டைப் புதிதாகக் கட்டினார்.

போன் இன்னும் முனியம்மாவின் கையில்தான் இருந்தது. அப்பா ஏதோ சொல்கிறார் என்று என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன்.

"கடைசிக் காலத்துல ஆயாவுக்குக் காது கேக்காதுமா. மெதுவா கூப்ட்டா திரும்ப மாட்டாங்க. சத்தமா கூப்பிடச் சொல்லு."

அப்படியே சொன்னேன். பம்பைக்காரர் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். முனியம்மா இரண்டு கையையும் வாயருகே குவித்து, தாயே என்று கூப்பிடவில்லை, கன்னியம்மா என்று கூப்பிடவில்லை. "ஆயா" என்று கத்தினார். அடுத்து ஏழுமலை கத்தினார். திவ்யா கத்தினாள். நானும் கத்தினேன்.